நாட், கடல் மைல்: எவ்ளோ, எங்கேருந்து வந்துச்சு?

1 டிசம்பர் 2024, காலை 8:10 (கேள்வி)

நைட் ஃபுல்லா ஃபெஞ்சல் புயல் நியூஸ்தான். ஒரு சேனல்ல "மணிக்கு 40 நாட் வேகம்"னு போடுறான், இன்னொருத்தன் 75 கி.மீ.ங்குறான், கீழ ஓடுற எழுத்துல புயல் நகராம நிக்குதுன்னு வருது. மூணுல எது சரி? நாட்டிக்கல் மைல்ங்கிறது சாதா மைலை வெள்ளைக்காரன் கடலுக்காக கொஞ்சம் இழுத்து விட்டதுதானே? கப்பல்ல வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

1 டிசம்பர், காலை 11:30

மூணும் சரி. காத்து வேகம் 40 நாட், கி.மீ.ல சொன்னா 74, ரவுண்டா 75. நகராம நிக்குதுங்கிறது வேற கணக்கு, அது புயலோட மையம் இடம் மாறுற வேகம். உள்ள காத்து 40 நாட்ல சுத்திட்டே இருக்கும், மொத்தப் புயலும் பாண்டிச்சேரி மேல அப்படியே உக்காந்திருக்கும், அதனாலதான் அங்க அந்த அளவுக்கு மழை கொட்டிருக்கு. டிவில ரெண்டையும் ஒரே மூச்சுல "வேகம்"னு சொல்லிட்டுப் போயிடுறாங்க.

ஒரு மணி நேரத்துல ஒரு கடல் மைல் போனா அது ஒரு நாட். மணிக்குங்கிறது அதுக்குள்ளயே இருக்கு. நான் பல்க் கேரியர் சரக்குக் கப்பல்ல இருந்தப்போ பயிற்சிக்கு வந்த எந்த கேடட்டாவது "நாட்ஸ் பெர் அவர்"னு சொல்லிட்டா சீஃப் ஆபீசர் மூஞ்சியைப் பாக்கணும். ஆனா 18ம் நூற்றாண்டு கடற்பயணப் புத்தகங்கள்லயே அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க, அதனால இதுக்கெல்லாம் நான் சண்டை போடறதில்ல.

கடல் மைல் 1852 மீட்டர், தரை மைல் 1609. ஒண்ணை இழுத்து இன்னொண்ணைப் பண்ணல. ரோமாபுரி சிப்பாய் ஆயிரம் ரெட்டை அடி வச்சு நடந்ததுல ஆரம்பிச்சு, 1593ல இங்கிலாந்துல 5280 அடின்னு சட்டம் போட்டதுல வந்து நின்னது தரை மைல். கடல் மைல் பூமியோட சுற்றளவுலருந்து வந்தது. நைட் வந்து எழுதறேன், இங்க கரண்ட் போய்ப் போய் வருது.

1 டிசம்பர், இரவு 9:50

பூமியை வடக்கு தெற்கா ஒரு சுத்து சுத்தினா 360 டிகிரி. டிகிரிக்கு 60 நிமிஷம், இது கோண நிமிஷம், கடிகாரத்துல இருக்குறது இல்ல. மொத்தம் 21,600. அட்சரேகைல ஒரு நிமிஷம் மேல போனா என்ன தூரமோ அதான் ஒரு கடல் மைல். இவ்ளோதான் விஷயம்.

இதுல என்ன சவுகரியம்னா சார்ட்ல, அதான் கடல் வரைபடத்துல, தனியா ஸ்கேல் தேட வேண்டாம். ஒரே தீர்க்கரேகைல 10 டிகிரிலருந்து 13 டிகிரிக்குப் போகணும்னா மூணு அறுபது 180 மைல், 12 நாட்ல போனா 15 மணி நேரம், பேப்பரே வேண்டாம். டிவைடரை எடுத்து ரெண்டு புள்ளிக்கு நடுவுல வச்சு, அப்படியே சார்ட்டோட பக்கவாட்டுல இருக்குற அட்சரேகைல கொண்டு போய் வச்சா தூரம் கையில. 1569ல மெர்கேட்டர் போட்ட மாதிரி மேப்ல வடக்க போகப் போக ஸ்கேல் பெருசாகிட்டே போகும், அதனால நீங்க இருக்குற உயரத்துக்கு நேரா உள்ள அட்சரேகையிலதான் அளக்கணும். மேலயும் கீழயும் இருக்குற தீர்க்கரேகைல அளந்துடக் கூடாது, 60 டிகிரி வடக்குல அது பாதி தூரம்தான். ஒரு தடவை பால்டிக் போற வழில ஒரு கேடட் மேல் விளிம்புல அளந்துட்டு "சார் நாம கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம் வந்துட்டோம்"னு சந்தோஷமா வந்து நின்னான். அன்னிக்கு அவன் வாங்கினது தனிக்கதை.

1 டிசம்பர், இரவு 10:15

விட்டுப்போச்சு. பூமி சரியான உருண்டை இல்ல, துருவத்துல தட்டை. அதனால ஒரு நிமிஷ தூரம் பூமத்திய ரேகைக்கிட்ட 1843 மீட்டர், துருவத்துக்கிட்ட 1862. நாட்டுக்கு நாடு ஒரு நம்பர் வச்சிருந்தாங்க, பிரிட்டிஷ்காரனுக்கு 6080 அடி, அமெரிக்காக்காரனுக்கு 6080.20 அடி (அந்தப் புள்ளி இருபதை என்ன பண்ணான்னு தெரிஞ்சா சொல்லுங்க). 1929ல மொனாக்கோல கடல் அளவைக்காரங்க கூடி 1852 மீட்டர்னு முடிவு பண்ணாங்க. அமெரிக்கா அதுக்கு வந்தது 1954ல, பிரிட்டன் 1970ல.

2 டிசம்பர், காலை 7:05

"அப்போ மீட்டருக்கும் பூமிக்கும் சம்பந்தம் இல்லியா"ன்னு கீழ ஒருத்தர் கேட்டிருக்கார். அருமையான கேள்வி. இருக்கு. பிரெஞ்சுப் புரட்சி டைம்ல மீட்டரை வரையறுத்தப்போ, பாரிஸ் வழியா துருவத்துலருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்துல கோடில ஒரு பங்குன்னு வச்சாங்க. அதாவது கால் சுத்து 10,000 கி.மீ. அதை 5400 நிமிஷத்தால வகுத்துப் பாருங்க, 1851.85 வரும். 1852 அங்கேருந்துதான்.

இன்னொரு கூத்து. அவங்க செங்கோணத்தையும் 90 டிகிரி வேண்டாம், 100 கிரேடு வச்சுப்போம், ஒரு கிரேடுக்கு 100 நிமிஷம் வச்சுப்போம்னு ஆரம்பிச்சாங்க. அப்படிப் பாத்தா ஒரு புது நிமிஷம் சரியா ஒரு கிலோமீட்டர். கிலோமீட்டரே தோத்துப்போன ஒரு கடல் மைல்தாங்க. அந்த நூறு நிமிஷ கோணம் உலகத்துல எடுபடல, ஆனா கிலோமீட்டர் மட்டும் தரைல பொழச்சுக்கிச்சு. எனக்கு இது தெரிஞ்சது கப்பலை விட்டு இறங்கி ரொம்ப நாள் கழிச்சு.

2 டிசம்பர், இரவு 10:40

இப்போ முடிச்சு. நாட்னா முடிச்சுதான், கயித்துல போடுற நிஜ முடிச்சு.

கால் வட்டத்துல அறுத்த ஒரு மரப்பலகை, சாண் அகலம் இருக்கும். வளைஞ்ச ஓரத்துல ஈயம் அடிச்சிருப்பாங்க, தண்ணில போட்டா நட்டமா நிக்கும். மூணு மூலைலயும் கயிறு கட்டி ஒரே நீளக் கயித்துல சேத்து, அந்தக் கயித்தை ஒரு உருளைல சுத்தி வச்சிருப்பாங்க. கப்பலோட பின்பக்கத்துலருந்து பலகையைத் தண்ணில போடுவான். பலகை தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நிக்கும், கப்பல் முன்னால போகும், கயிறு உருளைலருந்து ஓடும். முதல்ல கொஞ்ச நீளம் கணக்குல சேராது, ஏன்னா கப்பலுக்குப் பின்னாடி தண்ணி கலங்கிக் கிடக்கும், அதைத் தாண்டணும். அந்த நீளம் முடியுற இடத்துல ஒரு துணித்துண்டு. அது கையைத் தாண்டினதும் கத்துவான், பக்கத்துல நிக்குற பையன் மணல் கடிகாரத்தைக் கவுப்பான். மணல் தீந்ததும் பையன் கத்துவான், இவன் கயித்தை அமுக்கிப் பிடிப்பான். அதுவரைக்கும் எத்தனை முடிச்சு ஓடியிருக்கோ அத்தனை நாட்.

அதுக்கப்புறம் வெடுக்குன்னு ஒரு இழு. பலகைல ஒரு மூலைல இருக்குற ஆப்பு கழண்டுக்கும், பலகை தண்ணி மேல மல்லாந்துடும், சுலபமா இழுத்துக்கலாம். இந்த ஆப்பை யோசிச்சவன் யாரோ, அவனுக்கு ஒரு சல்யூட். நட்டமா நிக்குற பலகையை ஓடுற கப்பல்ல இழுத்துப் பாத்தவனுக்குத்தான் அந்த அருமை தெரிஞ்சிருக்கும்.

இந்த முறையை முதல்ல புத்தகத்துல எழுதினது வில்லியம் போர்ன்ங்கிற இங்கிலீஷ்காரர், 1574ல. அதுக்கும் முன்னாடி சும்மா ஒரு மரத்துண்டை முன்பக்கத்துலருந்து போட்டு, அது பின்பக்கத்துக்கு வர்ற நேரத்தைப் பாத்து வேகம் சொல்லிட்டிருந்தாங்க.

3 டிசம்பர், காலை 6:50

அந்தப் பலகைக்குப் பேரு லாக். மணிக்கு மணி வந்த நம்பரை எழுதின புத்தகம் லாக்புக். நீங்க தினம் ஆபீஸ்ல லாகின் பண்றது அந்த மரக்கட்டை வழியா வந்ததுதான். சரி, டீ குடிக்கப் போறேன்.

3 டிசம்பர், இரவு 11:20

"28 விநாடி மணல் கடிகாரத்துக்கு முடிச்சுக்கு முடிச்சு எவ்ளோ இடைவெளி"ன்னு கேட்டவருக்கு. உண்மைல எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

கணக்கு இப்படி. 28 விநாடிக்கும் ஒரு மணி நேரத்துக்கும் என்ன விகிதமோ அதே விகிதம் முடிச்சு இடைவெளிக்கும் கடல் மைலுக்கும் இருக்கணும். 6076 அடியை (1852 மீட்டர்தான் அது) 28ஆல பெருக்கி 3600ஆல வகுத்தா 47 அடி 3 அங்குலம். பள்ளிக்கூடப் புத்தகத்துல இதைத்தான் போடுவாங்க, என்னவோ முதல் நாள்லருந்தே இப்படி இருந்த மாதிரி.

அப்படி இல்ல. ஆரம்பத்துல இங்கிலீஷ் மாலுமிங்ககிட்ட இருந்தது 30 விநாடி மணல், 42 அடி முடிச்சு. 42 அடின்னா ஏழு ஃபாதம், கைய விரிச்சு ஏழு தடவை அளந்து முடிச்சு போட்டுட்டுப் போயிடலாம். இதைப் பெருக்கிப் பாத்தா மைல் சுமார் 5000 அடின்னு வரும். பூமியைச் சின்னதா நெனச்ச கணக்கு. 1633லயும் 1635லயும் ரிச்சர்ட் நார்வுட்னு ஒருத்தர் லண்டன்லயும் யார்க்லயும் உச்சிப் பொழுதுல சூரியனோட உயரத்தை அளந்து, ரெண்டு ஊருக்கும் நடுவுல சங்கிலி போட்டும், சங்கிலி போட முடியாத இடத்துல காலால எட்டு வச்சு எண்ணியும் தூரத்தைக் கண்டுபிடிச்சார். ஒரு டிகிரிக்கு 3,67,196 அடின்னு வந்துச்சு, அதாவது நிமிஷத்துக்கு 6120 அடி. இன்னிக்குக் கணக்குக்கு முக்கால் சதவீதம்கூட தப்பு இல்ல. நடந்து அளந்த மனுஷன்!

1637ல அதைப் புத்தகமாவே போட்டார். அவர் கணக்குப்படி 30 விநாடிக்கு முடிச்சு 51 அடில இருக்கணும். மாலுமிங்க என்ன பண்ணாங்க? பெரும்பாலும் கண்டுக்கல. பழைய 42 அடிக் கயிறே ஓடுச்சு. கொஞ்ச பேர் கயித்தை மாத்த மனசில்லாம மணல் கடிகாரத்துல மணலைக் குறைச்சு 24, 25 விநாடி ஆக்கிட்டாங்க, பலன் ஒண்ணுதான்.

ஏன் கண்டுக்கலன்னா, முடிச்சு நெருக்கமா இருந்தா நிஜ வேகத்தைவிட அதிகமா எண்ணுவோம். போன தூரமும் கூடத் தெரியும். அப்போ கரை நிஜமா வர்றதுக்கு முன்னாடியே "கரை வந்துடுச்சு, உஷார்"னு நம்ம கணக்கு சொல்லும். ஆள் மேல ஏறி நின்னு பாப்பான், பாய இறக்குவான், ஆழம் பாப்பான். மாத்தி நடந்தா, அதாவது கணக்குல கரை இன்னும் தூரத்துல இருந்து நிஜத்துல பக்கத்துல இருந்தா, ராத்திரில பாறைலதான் முட்டணும். அதனால தப்புன்னு தெரிஞ்சே தப்பான கயித்தை வச்சுக்கிட்டாங்க. படிச்சவங்க இதை முட்டாள்தனம்னு எழுதினாங்க. எனக்கு அப்படித் தோணல. ஜிபிஎஸ் இல்லாத ராத்திரில நான் அங்க இருந்திருந்தா நானும் 42 அடிக் கயித்தைத்தான் எடுத்திருப்பேன்.

4 டிசம்பர், காலை 7:30

நேத்து எழுதினதை இப்போ படிச்சா கொஞ்சம் ஓவரா மாலுமிங்களைத் தூக்கிவச்ச மாதிரி இருக்கு. சோம்பேறித்தனமும் ஒரு காரணம், அதையும் சேத்துக்கோங்க. கயிறு நனைஞ்சா சுருங்கும், புதுக்கயிறு நீளும், ஈரக்காத்துல மணல் கட்டிக்கும், பழைய கடிகாரத்துல ஓட்டை தேஞ்சு மணல் சீக்கிரம் இறங்கிடும். இவ்ளோ ஆட்டத்துக்கு நடுவுல முடிச்சு 42ல இருந்தா என்ன 51ல இருந்தா என்னங்கிற நினைப்பும் இருந்திருக்கும்.

பூமியைச் சின்னதா நெனச்சதுல பெரிய ஆளு கொலம்பஸ். அல்ஃபர்கானிங்கிற பழைய வானியல் அறிஞர் ஒரு டிகிரிக்கு 56⅔ மைல்னு சொன்னது அரபு மைல், இவர் அதைச் சின்ன மைலான இத்தாலி மைல்னு எடுத்துக்கிட்டார். பூமி கால்வாசி சுருங்கிப்போச்சு. ஆசியா பக்கத்துலதான்னு கிளம்பிட்டார். நடுவுல ஒரு கண்டம் குறுக்க வந்து காப்பாத்துச்சு.

5 டிசம்பர், மாலை 6:15

வந்துட்டாங்கய்யா. "21,600 கடல் மைல் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதா? ஒரு நாளைக்கு மனுஷன் விடுற மூச்சு 21,600, சிதம்பரம் பொற்கூரைல ஓடு 21,600, சித்தர்களுக்கு அப்பவே தெரியும்"னு ஒரு நண்பர் நீளமா எழுதியிருக்கார்.

ஐயா, கோபப்படாம கேளுங்க. நிமிஷத்துக்கு 15 மூச்சு, 60 நிமிஷம், 24 மணி நேரம், பெருக்கினா 21,600. வட்டத்துக்கு 360, ஒவ்வொண்ணுக்கும் 60, பெருக்கினா அதே 21,600. ரெண்டு பக்கமும் அறுபதை வச்சு விளையாடினா ஒரே நம்பர்ல வந்து முட்டத்தான் செய்யும். அறுபதாம் கணக்கு பாபிலோன் காலத்துது. நம்ம ஊர்லயும் நாளுக்கு 60 நாழிகை. சித்தர் மூச்சை எண்ணினார், சரி. கப்பலுக்குக் கயிறு விட்டாருன்னு யாரும் எழுதி வைக்கல.

5 டிசம்பர், இரவு 9:30

ஆனா நம்ம கடல் பக்கம் ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்ல வரல. முடிச்சு போட்ட கயிறு இந்தியப் பெருங்கடல்லயும் இருந்துச்சு, வேற வேலைக்கு. கமால்னு பேரு. ஒரு சின்னப் பலகை, நடுவுல ஓட்டை, அதுல கயிறு, கயித்துல முடிச்சுங்க. முடிச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, பலகையைக் கயிறு விறைக்குற வரைக்கும் முன்னால நீட்டி, கீழ் ஓரத்தை அடிவானத்துலயும் மேல் ஓரத்தைத் துருவ நட்சத்திரத்துலயும் பொருத்தினா, எந்த முடிச்சுல பொருந்துதோ அது உங்க அட்சரேகை. போக வேண்டிய துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வச்சுட்டா போதும், அந்த உயரம் வர்ற வரைக்கும் வடக்கயோ தெக்கயோ போயிட்டு அப்புறம் கரையைப் பாத்துத் திருப்பிடலாம். பிராமி எழுத்தைப் படிச்ச அதே ஜேம்ஸ் பிரின்செப், 1836ல கல்கத்தால அரபு மாலுமிங்களோட இந்தக் கருவிகளைப் பத்தி எழுதியிருக்கார்.

அவங்க அளவு இஸ்பா, அதாவது விரல். ஒரு விரல் சுமார் 1 டிகிரி 36 நிமிஷம். அதுல எட்டுல ஒரு பங்கு ஒரு ஜாம், மூணு மணி நேர ஓட்டம். நம்ம ஜாமமும் மூணு மணி நேரம்தான், நாளுக்கு எட்டு. இப்போ நான் வச்ச கணக்கைப் பாருங்க: ஒரு விரல்னா 96 நிமிஷம், அதாவது 96 மைல், எட்டால வகுத்தா ஜாமுக்கு 12 மைல், மணிக்கு 4. அதாவது அந்த அளவுக்குள்ளயே "கப்பல் சராசரியா 4 நாட் போகும்"ங்கிற எண்ணம் ஒளிஞ்சிருக்கு. வேகத்தைத் தனியா அளக்கத் தேவையே இல்லாம தூரத்தை நேரத்தாலயே சொல்லிட்டாங்க. பருவக்காத்துல போற ஆளுக்கு அது போதும்.

8 டிசம்பர், காலை 10:00

புயல் பக்கம் திரும்ப வரேன், ஏன்னா ஒருத்தர் நல்லா கேட்டிருக்கார்: "62 கி.மீ.க்கு மேல போனா புயல், 89க்கு மேல தீவிரப் புயல், 118 வந்தா அதிதீவிரம்னு வானிலை மையம் சொல்லுது, இது என்ன நம்பர்? 60, 90, 120ன்னு வச்சா ஆகாதா?"

ஆகாது, ஏன்னா மூலம் நாட்ல இருக்கு. 34 நாட் புயல், 48 தீவிரம், 64 அதிதீவிரம். கி.மீ.க்கு மாத்தினதால அசிங்கமா தெரியுது. சரி, 34, 48, 64 மட்டும் என்ன அழகுன்னு கேப்பீங்க. அது காத்தோட பலத்தை எண்ணால சொல்ற போஃபோர்ட் ஸ்கேல்லருந்து வந்தது, 8ம் எண் 34ல ஆரம்பிக்கும், 10ம் எண் 48ல, 12ம் எண் 64ல. காத்தழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கு 17, ஆழ்ந்த தாழ்வு மண்டலத்துக்கு 28, அதுவும் 5ம் எண், 7ம் எண்.

பிரிட்டிஷ் கடற்படைக்காரர் ஃபிரான்சிஸ் போஃபோர்ட் 1800களோட ஆரம்பத்துல இதை எழுதினப்போ அதுல காத்தோட வேகமே கிடையாது. ஒரு போர்க்கப்பல் முழுப் பாயும் விரிச்சா எத்தனை நாட் போகும், எந்தக் காத்துல எந்தப் பாயை இறக்கணும், இதை வச்சுத்தான் நம்பர். 2ம் எண்ணுக்கு 1லருந்து 2 நாட், 3க்கு 3லருந்து 4, 4க்கு 5லருந்து 6, இது கப்பல் ஓடுற வேகம். 12ம் எண்ணுல எந்தப் பாயும் நிக்காது. காத்து வேகத்தைப் பின்னாடி வந்தவங்க சேத்தாங்க. ஆக, நாகப்பட்டினத்துல புயலுக்குப் பேர் வைக்குற கோடு 200 வருஷம் முன்னாடி ஒரு பாய்மரக் கப்பல் பாயை எப்போ சுருட்டுச்சுங்கிறதுல இருக்கு.

8 டிசம்பர், காலை 10:20

புயல் கூண்டு நம்பரும் இதானான்னு கேட்டவருக்கு: இல்ல, கூண்டு 1, 2, 3ங்கிறது நாட் இல்ல, போஃபோர்ட்டும் இல்ல. துறைமுகத்துல ஏத்துற எச்சரிக்கைக் குறி, 11 வரைக்கும் உண்டு. புயல் எந்தப் பக்கமா கடக்கும்ங்கிறதும் அதுல இருக்கு. அதைத் தனி இழைல பேசுவோம், இங்க இழுக்காதீங்க.

12 டிசம்பர், இரவு 11:45

டைட்டானிக் பேச்சு வந்துடுச்சு, வராம இருக்குமா. நாட் கணக்கு எவ்ளோ முக்கியம்னு காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

1912 ஏப்ரல் 14. பின்பக்கம் இழுத்துட்டுப் போற லாக் கருவி மதியத்துலருந்து 260 மைல் காட்டுச்சுன்னு குவார்ட்டர்மாஸ்டர் சாட்சி சொன்னார். முட்டினது ராத்திரி 11:40. வகுத்தா 22 நாட்டுக்குக் கொஞ்சம் மேல. (17 நாட்டுக்கு மேல, 22 நாட்டுக்கு மேலன்னு தமிழ்ல எழுதினா அத்தனை தேசத்துக்கு மேல பறந்த மாதிரி இருக்கு, பொறுத்துக்கோங்க.) நாலாவது ஆபீசர் பாக்ஸ்ஹால், சாயங்காலம் எடுத்த நட்சத்திர நிலையிலருந்து இவ்ளோ வேகம், இவ்ளோ நேரம்னு கணக்கு போட்டு ஒரு இடம் சொன்னார்: 41 டிகிரி 46 நிமிஷம் வடக்கு, 50 டிகிரி 14 நிமிஷம் மேற்கு. வயர்லெஸ்ல அதுதான் போச்சு.

உதவிக்கு வந்த கார்பேத்தியா கப்பலோட கேப்டன் ராஸ்ட்ரன் அந்த இடத்தை வச்சு 58 மைல்னு பாத்தார். பன்னண்டரை வாக்குல கப்பலைத் திருப்பி, 4 மணிக்குப் போய்ச் சேந்தார். மூணரை மணி நேரத்துல 58 மைல்னா 16.6 நாட். அந்தக் கப்பல் வழக்கமா போறது 14. ஹீட்டர் எல்லாம் அணைச்சு, ஸ்டீம் முழுக்க இன்ஜினுக்கு விட்டு, 17க்கு மேல ஓட்டினாங்கன்னு ரொம்ப காலம் வீரக்கதையா சொல்லிட்டிருந்தாங்க.

1985ல கப்பல் கிடக்குற இடம் கிடைச்சது. பாக்ஸ்ஹால் சொன்ன இடத்துக்குக் கிழக்குல சுமார் 13 மைல் தள்ளி. கார்பேத்தியா தென்கிழக்குலருந்து வந்துச்சு, அப்போ அது நிஜமா ஓடினது 58 இல்ல, 47, 48 மைல். நான் சார்ட்ல போட்டுப் பாத்தேன், அவ்ளோதான் வருது. மூணரை மணிக்கு வகுத்தா பதிமூணரை நாட். அதிசய வேகமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஐஸ் மலைங்களுக்கு நடுவுல இருட்டுல அந்த வேகத்துல போனதே பெரிய விஷயம், அந்த மனுஷனோட பேரு ஒண்ணும் குறையல, நம்பர்தான் குறையுது.

யோசிச்சுப் பாருங்க, சொன்ன இடம் தப்பு. அந்தத் தப்பு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தா கார்பேத்தியா லைஃப் போட்டுங்களைத் தாண்டாம 13 மைல் முன்னாடியே நின்னு தேடியிருக்கும். இப்போ அவங்க சொன்ன இடத்துக்குப் போற வழியிலயே படகுங்க பச்சை வெளிச்சம் காட்டிக்கிட்டு இருந்துச்சு. 42 அடிக் கயித்தைப் பத்தி நான் எழுதினதோட இதைச் சேத்துப் பாருங்க: கணக்குல முன்னால, நிஜத்துல பின்னால. இந்தத் தடவை யாரும் வேணும்னு வைக்கல, அதுவா அமைஞ்சது.

14 டிசம்பர், மதியம் 1:10

"22 நாட் ஓடினது லாக்லயே தெரியுதே, அப்புறம் எப்படி 13 மைல் தப்பும்"னு கேள்வி. லாக் காட்டுறது தண்ணிக்குள்ள போன வேகம். தண்ணியே ஓடிட்டிருந்தா? இது நாட்ல ஆயுசுக்கும் இருக்குற வில்லங்கம், கயிறு காலத்துலருந்து இன்னிக்கு இருக்குற எலக்ட்ரோமேக்னடிக் லாக் வரைக்கும். பலகை "அங்கேயே நிக்கும்"னு எழுதினேன்ல, அது தண்ணில நிக்கும், பூமில நிக்காது.

டர்பனுக்குத் தெக்க அகுலாஸ் நீரோட்டத்துல மாட்டினப்போ எங்க லாக் 13 காட்டும், ஜிபிஎஸ் 17 காட்டும். இன்ஜின்ல எண்ணெய் செலவு 13க்கு, ஊர் போய்ச் சேர்றது 17க்கு. எல்லாருக்கும் குஷி. திரும்பி வரும்போது அதே தண்ணி மூஞ்சில அடிக்கும், கேப்டன் கரை ஓரமா ஒதுங்கி ஒதுங்கி வருவார். ரெண்டு வேகத்தையும் எப்பவும் பக்கத்துல பக்கத்துல எழுதணும், எந்த நாட்னு கேக்காம பதில் சொல்லக் கூடாதுன்னு எனக்குப் பழக்கினது ஒரு கோவாக்காரர். ஹெல்ம்ல, அதான் சுக்கான்கிட்ட, நிக்கும்போது யாராவது "வாட்ஸ் த ஸ்பீட்"னு கேட்டா "தண்ணிலயா தரைலயா"ன்னுதான் திருப்பிக் கேப்பார். முதல்ல எரிச்சலா இருக்கும்.

14 டிசம்பர், மதியம் 1:40

இன்னொண்ணு, மூணாவது வேகமும் இருக்கு. தினம் மதியம் நூன் ரிப்போர்ட் போகும். ப்ரொப்பெல்லர் ஒரு சுத்துல எவ்ளோ முன்னேறணுமோ அதை ஆர்.பி.எம்.மாலயும் நிமிஷத்தாலயும் பெருக்கி 1852ஆல வகுத்தா இன்ஜின் தூரம். கப்பல் நிஜமா வந்த தூரத்தோட வித்தியாசம்தான் ஸ்லிப். அஞ்சு, பத்து சதவீதம் இருக்கும். நீரோட்டம் பின்னாலருந்து தள்ளிவிட்டா ஸ்லிப் மைனஸ்ல வரும், அதாவது ப்ரொப்பெல்லர் தள்ளினதைவிடக் கப்பல் அதிகம் போயிருக்கும். ஆபீஸ்ல புதுசா வந்த ஆளு யாராவது இதைப் பாத்துட்டு "நம்பர் தப்பு, திருத்தி அனுப்பு"ன்னு மெயில் போடுவார். நாங்க அதே நம்பரைத் திரும்ப அனுப்புவோம்.

3 ஜனவரி 2025, இரவு 8:20

ராமேஸ்வரம் பக்கத்துத் தம்பி கேட்டது, நாட்டோட கடல் எல்லை 12 நாட்டிக்கல் மைல்னு எப்படி வந்ததுன்னு. முன்னாடி மூணு மைல்தான். கரைல இருக்குற பீரங்கி எட்டுற தூரம் வரைக்கும் நாட்டோட கடல்னு ஒரு வழக்கு, அதை 1782ல கலியானிங்கிற இத்தாலிக்காரர் மூணு மைல்னு வச்சுக்கலாம்னு சொன்னார். இந்தியா 1976 சட்டத்துலயே 12ம், பொருளாதார மண்டலத்துக்கு 200ம் எடுத்துக்கிச்சு, 1982 ஐநா கடல் சட்டமும் அதேதான். ஆனா உங்க பக்கம் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல ரெண்டு 12ஐ வைக்க இடம் ஏது, அதான் 1974, 1976 ஒப்பந்தத்துல கோடு போட்டுப் பிரிச்சது. தமிழ்நாட்டுச் சட்டத்துல விசைப்படகு கரைலருந்து 3 மைலுக்குள்ள மீன் பிடிக்கக் கூடாதுன்னு இருந்தது, இப்போ அது 5.

ஆழத்துக்கு நீங்க சொல்ற பாகமும் வெள்ளைக்காரனோட ஃபாதமும் ஒரே அளவுதான், ரெண்டு கையையும் விரிச்சா வர்றது. அவன் அதை ஆறடின்னு நிறுத்திட்டான், உங்களுக்கு இன்னும் ஆளுக்கு ஆள் மாறும். சார்ட்ல மீட்டர்ல போட்டிருக்கும், படிக்கும்போது ஒரு பாகம்னா ஒண்ணேமுக்கால் மீட்டர் சில்லறைன்னு வச்சுக்கோங்க.

3 ஜனவரி, இரவு 8:45

விமானம் ஏன் நாட்னு ஒருத்தர். அவங்களும் அட்சரேகை போட்ட மேப்லதான் வழி பாக்குறாங்க, கடல்ல பழகின ஆளுங்க போட்ட பழக்கம். உயரம் அடில, தூரம் கடல் மைல்ல, ஓடுபாதை நீளம் மீட்டர்ல. யாரும் குழப்பிக்கிறதா தெரியல.

5 ஜனவரி, காலை 9:15

கணக்குப் போட சுலப வழி கேட்டவங்களுக்கு. நாட்டை ரெண்டால பெருக்கி பத்துல ஒண்ணைக் கழிச்சா கி.மீ., கொஞ்சம் குறைச்சலா வரும், பரவால்ல. பாதியாக்கினா விநாடிக்கு எத்தனை மீட்டர்னு வரும், துறைமுகத்துக்குள்ள பைலட் இதைத்தான் மனசுல ஓட்டிட்டிருப்பார், 6 நாட்னா விநாடிக்கு மூணு மீட்டர், ஜெட்டி 300 மீட்டர்ல இருந்தா நூறு விநாடி. ஆறு நிமிஷம் மணில பத்துல ஒண்ணு, அதனால 14 நாட்ல போற கப்பல் ஆறு நிமிஷத்துல 1.4 மைல். ராடார்ல எதிர்ல வர்ற கப்பலை ஆறு நிமிஷம் விட்டுத் திரும்பக் குறிக்கிறது அதுக்குத்தான், கால்குலேட்டரைத் தேடிட்டிருந்தா அவன் பக்கத்துல வந்துடுவான். புயல் கூண்டுக்கு இழை ஆரம்பிச்சாச்சு, அந்தக் கேள்விங்களை அங்க போடுங்க.